வாலில் வைத்த ஊதுபத்தி

பசை காய்கிற வரைக்கும் அது என் விமானம். காய்ந்து, தாள் ஒட்டி, பார்க்க அழகாக நின்றதும் அது 'நம்ம விமானம்' ஆகிவிட்டது. போட்டிக்குப் புறப்பட்ட காலையில் ராஜரத்தினம் அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் "என் விமானம்" என்றான். கூசாமல் சொன்னான். நான் அவனுக்குப் பின்னால்தான் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். காதில் விழாத தூரமில்லை.

இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும். அதை ஆற்றச் சொல்லி நான் யாரிடமும் கேட்கவில்லை.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்து ஒரு வருஷம் ஆகப்போகிற சமயம் அது. நாங்கள் மூன்று பேரும் சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தோம். விடுமுறைக்கு மலாக்கா வந்திருந்தோம். ராஜரத்தினம் வக்கீல் வீட்டுப் பிள்ளை. அவன் வாயைத் திறந்தால் எதிரே நிற்பவர் தலையாட்டியே ஆக வேண்டும், அப்படி ஒரு பேச்சு. கபீர், காஜா பெராங் சாலையில் மளிகைக் கடை வைத்திருந்த தாவூத் பாயின் மகன். கடைக்கு மேல்மாடிதான் எங்கள் பட்டறை. கீழே கருவாடும் மல்லியும் மணக்கும், மேலே பசை நாறும். நான் சீதா. தபாலாபீஸ் மருதமுத்துவின் மகள். இயற்பியல் வகுப்பில் பெண் என்று இருந்தது நான் ஒருத்திதான்.

ஆண்டு விழாவுக்காக பத்து பெரெண்டாம் விமானத் திடலில் ஒரு போட்டி அறிவித்திருந்தார்கள். ஆள் ஏறாத சின்ன விமானம். கயிறு கட்டி இழுக்கக் கூடாது, கீழிருந்து யாரும் திருப்பவும் கூடாது. முறுக்கிய ரப்பர் விசிறியைச் சுற்றும், அவ்வளவுதான். கையை விட்ட பிறகு அதற்கு யாரும் புத்தி சொல்ல முடியாது. எந்தப் பக்கம் வளைய வேண்டும், எப்போது மூக்கைத் தாழ்த்த வேண்டும் என்கிற புத்தி எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்கையிலும் வாலிலும் வைத்துக் கட்டிவிட வேண்டும். அந்தப் புத்தியை வைத்தது நான். விசிறியைச் செதுக்கியது கபீர். ராஜரத்தினம் சிங்கப்பூரிலிருந்து மெல்லிய மரம் வாங்கிவந்தான், போட்டி நடத்துகிற கிளப்புக்காரர்களிடம் பேசினான், குழுவுக்குத் தலைவன் ஆனான். நான் அதைக் 'கொக்கு' என்று கூப்பிட்டேன். அவன் என்னைக் கேட்காமல் 'மலாயன் ஸ்டார்' என்று பெயர் கொடுத்துவிட்டு வந்தான்.

போட்டியில் ஒரு சங்கடம் உண்டு. வெயிலில் திடல் சுட்டு, சூடான காற்று மேலே கிளம்பும். விமானம் அதில் மாட்டினால் இறங்கவே இறங்காது, போய்க்கொண்டே இருக்கும். ஒரு அளவு நேரத்துக்குமேல் பறந்தாலும் கூடுதல் மதிப்பெண் கிடையாது. விமானத்தைத் திரும்ப எடுத்துவந்து நடுவர் மேசையில் வைக்காவிட்டால் அந்தச் சுற்றுக்கே பூஜ்யம். அதனால் எல்லாக் குழுக்களும் வாலில் ஒரு திரி வைத்தார்கள். திரி எரிந்து ஒரு ரப்பர் வளையத்தை அறுக்கும். உடனே வால் நிமிர்ந்துகொள்ளும், விமானம் அலுங்காமல் இறங்கிவிடும். ஆனால் மலாக்கா ஈரத்தில் பருத்தித் திரி பாதியில் அணைந்துவிடும். எத்தனையோ திரி வைத்துப் பார்த்து அலுத்துப்போன ஒரு நாள், தாவூத் பாயின் கடைக்குப் போய் ஊதுபத்திகளில் ஒவ்வொரு தினுசாக எடுத்துவந்து கொளுத்தினேன். சந்தன ஊதுபத்தி ஒன்று, காற்று அடித்தாலும் தூறல் போட்டாலும், ஒரே சீராக எரிந்தது. எத்தனை நேரம் வேண்டுமோ அத்தனை நீளம் நறுக்கி வாலில் செருகினால் போதும்.

"அலாமாக்! சாமிக்கு வெக்கிறத வால்ல வெக்கிறியே சீதா!" என்று கபீர் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஒங்க அத்தாதானே விக்கிறாரு? அவருகிட்ட போய்க் கேளு" என்றேன்.

அந்த நாட்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பரிசு கோப்பை இல்லை. ஜெயித்த விமானத்தைக் கட்டியவருக்கு, படிப்பு முடிந்ததும் சிங்கப்பூரில் நிஜ விமானங்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் பயிற்சிக்கு இடம். முதல் இரண்டு சுற்றில் குழுவில் யார் வேண்டுமானாலும் விமானத்தை விடலாம். கடைசிச் சுற்றில் கட்டியவரே விட வேண்டும். அவரைத்தான் பட்டறைக்கு எடுப்பார்கள். எனக்கு அந்த இடம் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம், அது வேண்டும்.

ஏனென்றால் வீட்டில் என் அப்பா ஒரு பேச்சுப் பேசியிருந்தார்.

"பட்டறையில எடம் கெடச்சா போ. நான் தடுக்கல. கெடைக்கலன்னா படிப்பு முடிஞ்சதும் செமாபோக் வாத்தியார் தியாகு வீட்டுக்குச் சரின்னு சொல்லிடுவேன். அப்பறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"சரிப்பா" என்றேன். தியாகு வாத்தியாரை நான் பார்த்ததுகூட இல்லை. அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் என் இறக்கைக் கணக்கையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டு அவருக்குக் காலை ஆறு மணிக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுப்பதாக என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இதை ராஜரத்தினத்திடம் நானே சொல்லியிருந்தேன். மாடியில், ரப்பரை முறுக்கிக்கொண்டே சொன்னேன். அவன் உருகிப்போனான்.

"என்ன பேச்சு சீதா இது? கட்டுனது நீ. கடைசிச் சுத்து ஒன்னோடதுதான். மொத ரெண்டு நான் விடுறேன், எனக்குக் கை உசரம். மூணாவது நீ விடு. சத்தியமா லா" என்றான். கபீரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

போட்டியன்று காலை, விமானத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றான் ராஜரத்தினம். அவன் அம்மா சாரதாம்பாள் பெரிய குடும்பத்து மனுஷி. கோயில் காரியம் எதுவும் அவர் இல்லாமல் நடக்காது. விமானத்தை மணைமேல் வைத்து, கற்பூரம் காட்டி, மூக்கில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். அந்த விமானத்துக்கு ஒரு வெற்றிலை கனம்கூட அதிகம். சந்தனம் மூக்கில் ஏறினால் அது எழும்பாது, தரையில் குத்திக்கொள்ளும்.

"கொஞ்சமா வைங்கம்மா, கனம் தாங்காது" என்றேன்.

"சாமிக்குக் கனம் பாப்பாங்களா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் மூக்குக்குள் எடைக்காக ஏற்கெனவே வைத்திருந்த களிமண்ணில் சந்தனத்தின் அளவுக்குக் கிள்ளி எடுத்தேன். விரல் நுனியில் விமானத்தை ஏந்திப் பார்த்தேன். சரியாக நின்றது. சாரதாம்பாள் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பூஜ போட்டப்பறம் இப்படித் தொட்டுத் தொட்டுப் பாக்குறியே. சுத்தமாத்தான் இருக்கியா?"

அத்தனை பேருக்கு நடுவில் கேட்டார். ஆம்பிளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ராஜரத்தினம் செருப்பு மாட்டப் போய்விட்டான். பதில் சொன்னாலும் அவமானம், சொல்லாவிட்டாலும் அவமானம். அன்றைக்கு அந்த விமானம் எழும்பியதே அந்தக் களிமண்ணைக் கிள்ளியதால்தான். அது அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது.

பத்து பெரெண்டாமில் நல்ல வெயில். சீனர் குழு, மலாய்க்காரர் குழு, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக் குழு என்று திடல் நிறைய ஆட்கள். நடுவர் கண்ணாடி போட்ட ஒரு சீனர், சிரிக்கவே சிரிக்காதவர். முதல் சுற்றில் நான் ஊதுபத்தியை நறுக்கி வாலில் செருகிக் கொளுத்தினேன். ராஜரத்தினம் விட்டான். கொக்கு மேலே ஏறி, நான் வைத்த புத்திப்படி இடது பக்கமாக வட்டம் போட்டு, நேரம் முடியும்போது வாலைத் தூக்கிக்கொண்டு இறங்கியது. கபீர் சைக்கிளில் பறந்துபோய் எடுத்துவந்தான். இரண்டாம் சுற்றும் அப்படியே. மற்றவர்களின் திரிகள் அணைந்து அணைந்து போக, எங்கள் விமானம் மட்டும் சந்தன வாசனையோடு போய் வந்தது. நாங்கள்தான் முதலிடம். கடைசிச் சுற்று மட்டும் பாக்கி.

அப்போதுதான் கூட்டம் கூடியது. பத்திரிகையிலிருந்து போட்டோ பிடிக்க ஒருவர் வந்துவிட்டார். சாரதாம்பாள் குடை பிடித்துக்கொண்டு வந்தார். ஆபீஸ் முடிந்து என் அப்பாவும் சைக்கிளில் வந்து சேர்ந்தார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விமானத்துக்குக் கை நீட்டினேன்.

ராஜரத்தினம் கொடுக்கவில்லை.

"சீதா, ஒரு சின்ன விஷயம்" என்றான். அவன் குரல் தேனாக இருந்தது. அந்தக் குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "அம்மாவுக்கு மனசு சரியில்ல. பூஜ போட்ட பொருள் இல்லையா? இந்தப் பாடாங் தெடல்ல இத்தன பேரு முன்னாடி நீ ஓடி விட்டா நல்லாருக்காதுங்குறாங்க. நானே விட்டுடுறேன்."

"அப்ப பட்டற எடம்?"

"நான் போனா என்ன, நீ போனா என்ன? நம்ம குழுதானே. உள்ள போயிட்டு ஒனக்கும் நான் பேசுறேன் லா."

"சத்தியம் பண்ணியே ரத்தினம்!"

"ஏன் இப்படி சூசா பண்றே, தொல்ல குடுக்குறே? பொம்பளப் புள்ளய பட்டறைக்குள்ள விடுவானா? ஒனக்காகத்தான் சொல்றேன். எடம் வீணாப் போயிடும்."

எனக்காகவாம்! நேராக நடுவரிடம் போனேன். விமானத்தைக் கட்டியது நான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் எனக்குப் பின்னால் நின்ற ராஜரத்தினத்தைப் பார்த்தார். அவன் சிரித்தான், தோளைக் குலுக்கினான். உங்கள் குழுவுக்குள் பேசி முடிவு செய்யுங்கள், விமானத்தோடு யார் கோட்டில் வந்து நிற்கிறாரோ அவரைத்தான் நான் எழுத முடியும் என்றார் நடுவர். கபீரைப் பார்த்தேன். "ரத்தினம், நீ சொன்னத நானும் கேட்டேன்" என்று மெல்ல ஆரம்பித்தான். சாரதாம்பாள் அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, இது எங்க வீட்டுப் பேச்சு" என்றார். கபீர் வாயை மூடிக்கொண்டான்.

கடைசியாக அப்பாவைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது. என் பேச்சு, அவன் பேச்சு, எல்லாமே.

"விடும்மா. பெரியவங்க சொல்றாங்க. நாலு பேரு பாக்குறாங்க" என்றார்.

அதற்குள் போட்டோக்காரர் எல்லாரையும் கூப்பிட்டார். ராஜரத்தினம் விமானத்தோடு நடுவில் நின்றான். அவன் அம்மா ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என் அப்பா போய்ச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். நான் போகவில்லை.

"கோவிச்சுக்காத பொண்ணு" என்று சாரதாம்பாள் என்னைத் தட்டிக்கொடுக்க வந்தார். "பத்தி கொளுத்துறது நீதானே. வெளக்கேத்துறது, பத்தி கொளுத்துறது எல்லாம் பொம்பளைங்க வேல. ஒன் கைராசியிலதான் ரெண்டு தடவயும் நல்லா எறங்குச்சு. வா, வந்து கொளுத்து."

கைராசியாம்! எத்தனை பத்திகளை எரித்துச் சாம்பலை அளந்து பார்த்திருப்பேன்! அது இவர்களுக்குக் கைராசி. தலையைத் தொடக் கூடாத விமானத்தின் வாலை மட்டும் நான் தொடலாம்.

ராஜரத்தினம் கோட்டில் போய் நின்றான். கபீர் ரப்பரை முறுக்கிக் கொடுத்தான். ராஜரத்தினம் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, வாலை என் பக்கம் நீட்டினான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. போட்டோக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண் பிள்ளை ஒருத்தி ஊதுபத்தி கொளுத்தாமல் விடுவாள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்படி ஒன்றை அவர்கள் யார் வீட்டிலும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பத்தியை நறுக்கினேன். வளையத்தில் செருகினேன். தீக்குச்சியைக் கிழித்தேன். சுடர் நன்றாகப் பிடித்து எரிந்தது. அதைப் பத்தியின் அருகே கொண்டுபோனேன். கை நின்றுவிட்டது. கொளுத்தினால் கொக்கு சொன்னபடி இறங்கும், மேசைக்கு வரும், அவன் பட்டறைக்குப் போவான், நான் செமாபோக்குக்குப் போவேன். நான் கட்டியது எனக்கு எதிராகவே இறங்கும். தீ என் விரலைச் சுட்டது. குச்சியைக் கீழே போட்டேன்.

"ஆச்சா?" என்றான் ராஜரத்தினம்.

"விடு" என்றேன்.

விட்டான். கொக்கு இதற்கு முன் அப்படி ஏறியதே இல்லை. திடலின் சூடு அதை அப்படியே தூக்கியது. வட்டத்துக்கு மேல் வட்டம். கூட்டம் கை தட்டியது. எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஆனாலும் அதைப் பார்க்கப் பார்க்க, சொன்னால் நம்ப மாட்டீர்கள், சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கணக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை.

முதலில் கபீருக்குத்தான் உறைத்தது. மூக்கை உறிஞ்சிப் பார்த்தான்.

"பத்தி வாசன வரலியே" என்றான்.

நேரம் முடிந்தது. கொக்கு இறங்கவில்லை. ராஜரத்தினம் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு சிரிப்பு நின்றது. விமானம் காற்றோடு சாய்ந்து, திடலைத் தாண்டி, ரப்பர்க் காட்டுக்கு மேலே போயிற்று. கபீர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டினான், பிறகு இறங்கி நின்றுவிட்டான். ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அதுவும் போயிற்று.

"ஏய், கொளுத்தினியா இல்லியா?" ராஜரத்தினம் என் முன்னால் வந்து கத்தினான். தேன் குரல் எங்கோ போய்விட்டது.

"இல்ல."

"பைத்தியமா ஒனக்கு? ஜெயிச்சிருப்போமே!"

"நீ ஜெயிச்சிருப்ப. நான் எதுக்குக் கொளுத்தணும்?"

"அடிப்பாவி! பூஜ போட்ட பொருளாச்சே! பொம்பளையா நீ?" என்று சாரதாம்பாள் குடையை மடக்கிக்கொண்டு வந்தார்.

"பத்தி கொளுத்துறது பொம்பள வேலன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க" என்றேன். "அப்ப கொளுத்தாம இருக்கிறதும் எங்க வேலதான்."

நான் நடுவர் மேசைக்குப் போய், எங்கள் விமானம் திரும்பி வராது, கடைசிச் சுற்றுக்குப் பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். திரியை நான் கொளுத்தவில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுதிக்கொண்டார். இடம் பயிற்சிக் கல்லூரிப் பையன் ஒருவனுக்குப் போயிற்று. அவன் விமானத்தை அவனே கட்டி, அவனே விட்டான். அவன்மேல் எனக்குப் பொறாமை இல்லை.

கபீர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவன் முகம் கறுத்திருந்தது.

"அதுல என் விசிறியும் இருந்துச்சு சீதா" என்றான்.

"இருந்துச்சு. அதுக்கு நீ என்னைத் திட்டு. கேட்டுக்கிறேன். ஆனா அந்தம்மா ஒரு வார்த்த சொன்னதும் வாய மூடிக்கிட்டியே, அதுக்கு நான் ஒன்னைத் திட்டுவேன். நீயும் கேட்டுக்கணும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நாளைக்கு மாடியத் தெறந்து வைக்கவா?" என்றான்.

"தெற" என்றேன்.

அப்பா திடலின் ஓரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். போட்டோவுக்குப் போட்ட பொத்தானை இன்னும் கழற்றவில்லை.

"எடம் போச்சு" என்றார்.

"போச்சு."

"அப்ப செமாபோக்குக்கு என்ன சொல்ல?"

"வேணாம்னு சொல்லுங்க."

"பேச்சு அப்படி இல்லையே சீதா. நீயும் சரின்னியே."

"அவனும்தான் சத்தியம் பண்ணான். அவன் பேச்சு மாறுனப்ப நீங்க ஒரு வார்த்த கேக்கல. அவன் பக்கத்துல போய்ப் போட்டோவுக்கு நின்னீங்க. என் பேச்சு மாறுறப்ப மட்டும் கேக்குறீங்களாப்பா?"

அவர் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். பிறகு சைக்கிளைத் திருப்பி, "ஏறும்மா, வெயிலா இருக்கு" என்றார்.

நான் ஏறவில்லை. வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். அவர் சைக்கிளில் ஏறாமல், அதைத் தள்ளிக்கொண்டே என் பின்னால் வந்தார். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான், "செமாபோக்குக்கு நானே போய்ச் சொல்லிட்டு வரேன்" என்றார்.

"இப்பவே போங்க" என்றேன்.